உள்ளே போகுது, சரி... தாங்குமா?

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல நடக்கிற விவாதங்கள் எல்லாம் தனி ரகம். போன வாரம் எங்க அறையில ஓடினது துப்பாக்கி பற்றி. மொபைல்ல கேம் ஆடிட்டிருந்த நண்பன் திடீர்னு கேட்டான்: "பை நிறைய 7.62 தோட்டா கிடக்கு, கையில இருக்கிறதோ 5.56 துப்பாக்கி. ஸ்கோப்பை மாத்துற மாதிரி பேரலையும் மாத்திட்டு இதையே போட்டுச் சுட விட்டா என்னடா?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா யோசிச்சுப் பார்த்தா அது சிரிக்கிற கேள்வியே இல்லை. ஒரு ரைபிளை எடுத்து, அது எந்தத் தோட்டாவுக்காகப் பிறந்ததோ அதை விட்டுட்டு வேறொரு தோட்டாவுக்கு மாற்றும் வேலையை ராணுவங்கள் செய்திருக்கின்றன, அரசுத் தொழிற்சாலைகள் செய்திருக்கின்றன, வேட்டை ரைபிள் செய்யும் கைவினைஞர்களும் செய்திருக்கிறார்கள். மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைக்காது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். "எந்தத் தோட்டா பெஸ்ட்?" என்று ஆரம்பிப்பவரும் தப்பா ஆரம்பிக்கிறார். "இந்த ஆக்ஷனுக்குள்ள எது போகும்?" என்று ஆரம்பிப்பவரும் தப்பா ஆரம்பிக்கிறார். முதல் கேள்வி இதுதான்: இந்த ஆக்ஷன் எவ்வளவு தாங்கும்? அதை யார், எப்படிச் சோதிச்சாங்க?

முதல்ல அடிப்படை. தோட்டாவை சேம்பருக்குள் தள்ளி, பின்பக்கம் பூட்டி, சுட்டதும் காலிக் கூட்டை வெளியே இழுக்கும் மொத்த அமைப்புக்குப் பேர்தான் ஆக்ஷன். போல்ட் ரைபிள் என்றால் அதில் ரிசீவர் இருக்கும், போல்ட் இருக்கும், ரெண்டையும் பூட்டும் லக்குகள் இருக்கும். சுடும்போது பித்தளைக் கூட்டுக்குள் எழும் வாயு அழுத்தம் குண்டை முன்னால தள்ளும். அதே அழுத்தம் கூட்டின் அடியைப் பின்னாலயும் தள்ளும். அந்த விசையை போல்ட் வாங்கி, லக்குகள் வழியா ரிசீவருக்குக் கொடுக்கும். அதாவது தோட்டா என்பது லோடு, ஆக்ஷன் என்பது ஸ்ட்ரக்சர். போல்ட்டுக்கு நேர் பின்னாடி இருப்பது சுடுபவரின் முகம். இதை மட்டும் மறக்காம மேல படிங்க.

உதாரணத்துக்கு நம்ம நாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச லீ என்ஃபீல்ட் .303 ரைபிளை எடுத்துக்கலாம். போலீஸ்காரர் தோளில் காலம் காலமா தொங்கின அதே ரைபிள்தான். இதை 7.62×51 நேட்டோ தோட்டாவுக்கு மாற்ற முடியுமா? நீளத்தைப் பாருங்க. .303 தோட்டாவின் முழு நீளம் சுமார் 78 மில்லிமீட்டர், 7.62 நேட்டோ சுமார் 71. தாராளமா உள்ளே போயிடும். நம்ம நண்பன் இந்த இடத்திலேயே "ஓகே, ஃபிட் ஆகுது" என்று விவாதத்தை முடிச்சிருப்பான்.

இப்ப லோடைப் பாருங்க. ஐரோப்பாவின் சி.ஐ.பி. தரநிலைப்படி .303-க்கு உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல். 7.62 நேட்டோவின் சிவிலியன் இரட்டையான .308 வின்செஸ்டருக்கு 415. கூட்டின் அடிப்பகுதி விட்டம் முதலாவதுக்கு 11.7 மில்லிமீட்டர், ரெண்டாவதுக்கு 12 மில்லிமீட்டர் அளவு. அழுத்தம் பெருக்கல் பரப்பளவு, முதல் செமஸ்டர் கணக்குதான். .303-க்கு சுமார் 39 கிலோநியூட்டன், .308-க்கு 46-க்கும் மேல. எடையா சொன்னா நாலு டன் இருந்த இடத்துல நாலே முக்கால் டன். கூடு சேம்பர் சுவரைப் பிடிச்சுக்கிறதால நிஜத்துல போல்ட்டுக்கு வரும் விசை இதைவிடக் குறையும். ஆனா ஒப்பீடு மாறாது: ஒவ்வொரு முறை சுடும்போதும் கிட்டத்தட்ட 19 சதவீதம் கூடுதல் லோடு.

இன்னொரு விஷயம், லீ என்ஃபீல்டின் லக்குகள் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கு. மவுசர் 98 ஆக்ஷனில் சேம்பருக்கு ஒட்டி முன்னாடியே இருக்கு. லக் பின்னாடி இருந்தால் நீளமான போல்ட் முழுசும் அமுங்கும், ரிசீவரின் பக்கச் சுவர்கள் இழுபடும். ஒரே லோடுக்கு அதிகமா வளைந்து கொடுக்கும் அமைப்பு அது. .303-க்கு அது போதும், உலகப் போர்களே அதில் நடந்திருக்கு. ஆனா லோடு ஏறும்போது கணக்கை முதலிலிருந்து போடணும்.

அந்தக் கணக்கை ஒழுங்கா போட்டது யார் தெரியுமா? மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை. 1962 சீனப் போருக்குப் பிறகு அங்கே 7.62 நேட்டோவுக்கு ஒரு லீ என்ஃபீல்ட் வடிவமைச்சாங்க. இஷாப்பூர் 2ஏ, அப்புறம் 2ஏ1. பார்க்கப் பழைய ரைபிள் மாதிரியே இருக்கும். ஆனா கிடங்கில் கிடந்த .303-களை எடுத்து பேரலை மட்டும் மாற்றி அனுப்பலை. கூடுதல் அழுத்தம் தாங்கும் மேம்பட்ட எஃகில் ரைபிளைப் புதுசாவே செஞ்சாங்க. .303 கூட்டுக்கு வெளியே நீட்டிய விளிம்பு உண்டு, 7.62-க்கு கிடையாது, அதனால கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை மாற்றினாங்க. 12 தோட்டா பிடிக்கும் புது மேகசின் வெச்சாங்க. 2ஏ1-ல் பின் சைட்டின் அளவை 2000-லிருந்து 800 மீட்டராகக் குறைச்சாங்க. வெளித்தோற்றம் பழசு, தாங்கும் பாகம் புதுசு. என்னைக் கேட்டா கன்வர்ஷன் என்பதன் சரியான அர்த்தம் இதுதான்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கு. இதே லீ என்ஃபீல்ட் ஆக்ஷனை .22 பயிற்சி ரைபிளா மாற்றினாங்க. .22-ன் லோடு அந்த ஆக்ஷனுக்குக் கொசுக்கடி மாதிரி. லோடு குறையும் திசையில் மாற்றும்போது மிச்ச பலம் உங்க பக்கம் இருக்கும். கூடும் திசையில் மாற்றும்போது அந்த மிச்சத்தைத்தான் தின்கிறீங்க.

சரி, அழுத்தத்தை ஏற்றாமலே பெரிய தோட்டா போட்டா? இங்கதான் பலர் ஏமாறுவாங்க. பெல்ட்டட் மேக்னம் வகைத் தோட்டாக்களின் அடி விட்டம் சுமார் 13 மில்லிமீட்டர். 12-லிருந்து 13, ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோணும். ஆனா பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். அழுத்தம் ஒரு பாஸ்கல்கூட கூடாமலே பின்விசை 17, 18 சதவீதம் கூடிடும். இதுக்கு மேல போல்ட் முகப்பைக் கடைந்து அகலப்படுத்தணும். .375 எச் அண்ட் எச் மாதிரி 91 மில்லிமீட்டர் நீளத் தோட்டாவை சாதாரண மவுசர் 98-க்குள் நுழைக்க, கீழ் லக் உட்காரும் இடத்துக்குப் பின்னாலிருந்து உலோகத்தை அரைச்சு எடுக்கணும். லோடை ஏத்திட்டு, அதைத் தாங்குற இடத்திலேயே உலோகத்தைக் குறைக்கிறது. திறமையான கைகள் இதைச் செஞ்சிருக்காங்க. ஆனா அந்த ஆக்ஷனைத் தேர்ந்தெடுத்தபோதே தப்பு நடந்தாச்சு என்பது என் கட்சி.

இதுவரை சொன்னது எல்லாம் அளக்கக்கூடியது. வெர்னியர் எடுத்தா தெரிஞ்சிடும். அளக்க முடியாத ஒன்று பற்றி இப்ப சொல்றேன்.

அமெரிக்க ராணுவத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் 1903 ரைபிள். 1917 வாக்கில் சில ரைபிள்களின் ரிசீவர் உடைந்து சிதறியது. விசாரிச்சப்ப தெரிஞ்சது: பட்டறையில் எஃகைச் சூடாக்கும்போது, போதுமான சூடு வந்திருச்சா என்று தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செஞ்சிருக்காங்க. பைரோமீட்டர் வெச்சுப் பார்த்தப்ப, வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் 'சரியான நிறம்' என்று தோன்றியது, மேகமூட்டமான நாளைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிக சூடு! எஃகு கருகி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போயிருந்தது. 1918-ல் ஹீட் ட்ரீட்மெண்ட் முறையையே மாத்தினாங்க. அதனாலதான் ஸ்பிரிங்ஃபீல்டில் செஞ்ச 800,000-க்குக் கீழே, ராக் ஐலண்டில் செஞ்ச 285,507-க்குக் கீழே சீரியல் எண் உள்ள ரிசீவர்களை இன்னைக்கும் விவரம் தெரிஞ்சவங்க சந்தேகத்தோடதான் பார்ப்பாங்க.

இதுல யோசிக்க வேண்டியது என்ன? வெயில் நாளில் செஞ்ச ரிசீவரும் மேகமூட்ட நாளில் செஞ்ச ரிசீவரும் ஒரே அளவு, ஒரே டிராயிங், ஒரே பளபளப்பு. பேரல் ரெண்டிலும் அழகா ஏறும். எது உடையும் என்று கண்ணுக்குத் தெரியாது. உலகப் போர்களுக்குப் பிறகு இந்த மாதிரி பழைய ராணுவ ஆக்ஷன்களை எடுத்து வேட்டை ரைபிளா மாற்றுவது அமெரிக்காவில் பெரிய பழக்கமா இருந்தது. அங்கே ஆக்ஷனைத் தேர்வு செய்பவருக்கு சீரியல் எண்ணைப் படிக்கத் தெரிவது அளவு எடுக்கத் தெரிவதைவிட முக்கியம்.

"இந்த மாதிரி மாத்தின ரைபிள் ஆயிரக்கணக்குல இருக்கே, எல்லாமா வெடிச்சுது?" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாம் வெடிக்கலை. வடிவமைச்சவங்க விட்டுவெச்ச ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி காப்பாத்தியிருக்கு. ஆனா அந்த மிச்சம் நமக்கு இலவசமா கொடுத்த லோடு இல்லை. தோட்டாவில் ஒரு கோளாறு, குழலுக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய், நாற்பது டிகிரி வெயில், இப்படி வரும் எதிர்பாராத நாளுக்காக ஒதுக்கி வெச்சது. அதை தினசரி செலவுக்கு எடுத்துட்டா, அந்த நாள் வரும்போது கையில் எதுவும் இருக்காது. கூடவே, அதிக லோடில் லக் உட்காரும் இடம் கொஞ்சம் கொஞ்சமா அமுங்கிக்கிட்டே போகும். நூறு தடவை தாங்கியது என்பது நூற்றியொன்றுக்கு உத்தரவாதம் ஆகாது.

அதனாலதான் பிரிட்டனில் 1813-ல் தொடங்கிய பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸ் மாதிரியான இடங்கள் இருக்கு. சி.ஐ.பி. முறையில் ரைபிளை, அதன் உச்ச அழுத்தத்தைவிட 25 சதவீதம் அதிகமான சோதனைத் தோட்டாவால் சுட்டுப் பார்த்துத்தான் முத்திரை குத்துவாங்க. சேம்பரை வேற தோட்டாவுக்கு மாற்றினா பழைய முத்திரை செல்லாது, மறுபடி சோதிக்கணும். செஞ்சவரின் நம்பிக்கையை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை.

ஆக, என் வரிசை இது. எதுக்காக என்று முதலில் முடிவு பண்ணுங்க. அந்த வேலைக்குப் போதுமான, மிதமான தோட்டாவை எடுங்க. அந்தத் தோட்டாவின் விட்டத்துக்கும் நீளத்துக்கும் அழுத்தத்துக்கும் வடிவமைச்ச, எஃகின் வரலாறு தெரிந்த ஆக்ஷனைத் தேடுங்க. அது கிடைக்கலைன்னா தோட்டாவைக் கீழே இறக்குங்க. ஆக்ஷனை மேலே தள்ளாதீங்க.

நம்ம ஊர்ல இதை யாரும் வீட்டு லேத்தில் முயற்சி பண்ண வேண்டாம் என்று தனியா சொல்லணுமா? 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம துப்பாக்கியை மாற்றுவதும் செய்வதும் குற்றம். இந்த வேலை மேல நிஜமா ஆசை இருந்தா, திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கு, படிச்சு முடிச்சு முறையா அங்க போகப் பாருங்க.

அப்புறம் எதுக்கு இவ்வளவு நீளமா எழுதினேன்? போன வருஷம் எங்க கோ-கார்ட் டீமுக்குப் பெரிய இன்ஜின் ஒண்ணு கிடைச்சது. மவுண்டிங் துளைகள் பொருந்துச்சு. ஸ்ப்ராக்கெட் பொருந்துச்சு. பழைய சங்கிலியும் அழகா உட்கார்ந்துச்சு. கைதட்டி ட்ராக்ல இறக்கினோம். ரெண்டாவது ரவுண்டுல சங்கிலி அறுந்து, சீட்டுக்குப் பின்னால இருந்த தகட்டில் பளார்னு அடிச்சது. தகடு நசுங்கிப்போச்சு. அந்தத் தகடு இல்லைன்னா அடி விழுந்திருப்பது ஓட்டிக்கிட்டிருந்த நண்பனின் முதுகில். அந்த சங்கிலி எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று எங்க ஏழு பேர்ல ஒருத்தர்கூடக் கேட்கலை. ஏழு பேருமே டிசைன் பேப்பர் பாஸ்.

உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்லயும் இப்படி ஒரு பாகம் இருக்கும். மோட்டாரோ, பேட்டரியோ, ஷாஃப்டோ. "செட் ஆயிடுச்சு மச்சி" என்று யாராவது கத்தும்போது, கைதட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

தாங்குமா?