ஹாமில்டன்: மேடையில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்

ஜார்ஜ் வாஷிங்டனாக ஒரு கறுப்பின நடிகர் வருகிறார். தாமஸ் ஜெஃபர்சனாகவும் ஒரு கறுப்பின நடிகர். அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்கள் என்று டாலர் நோட்டுகளில் அச்சடிக்கப்பட்ட வெள்ளை முகங்கள், கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளி நடிகர்களின் உடலில் ஏறி, ராப் பாடிச் சண்டை போடுகின்றன. முக்கியப் பாத்திரங்களில் வெள்ளையர் நடிப்பது ஒன்றில்தான்: இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ். முதல் முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்கட்டும். அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

‘ஹாமில்டன்’ இசை நாடகத்தை எழுதியவர் லின்-மானுவல் மிராண்டா. நியூயார்க்கில் பிறந்தவர், பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர்கள். 2008இல் விடுமுறைக்குப் போன இடத்தில் ரான் செர்னோ எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டனின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். ‘இது ஒரு ஹிப்-ஹாப் கதை’ என்று அவருக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் நியாயம் இருக்கிறது. ஹாமில்டன் கரீபியத் தீவான நெவிஸில் பிறந்தவர். முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை. தந்தை கைவிட்டுப் போக, தாய் காய்ச்சலில் இறக்க, சிறுவனாக ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதினார். 1772இல் வீசிய சூறாவளி பற்றி அவர் எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்தவர்கள் பணம் திரட்டி அவரைப் படிக்க அனுப்பினார்கள். பிறகு வாஷிங்டனின் உதவியாளர், முதல் நிதியமைச்சர், கடைசியில் 1804இல் ஆரன் பர் என்ற அரசியல் போட்டியாளருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் சாவு. நாடகத்தில் இந்தக் கதையைச் சொல்பவரே பர்தான். கொன்றவன் வாயால் கொல்லப்பட்டவனின் கதை. நாடகத்தின் பலத்தில் பாதி இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

2015 ஆகஸ்டில் பிராட்வேக்கு வந்த நாடகம், அடுத்த ஆண்டு 11 டோனி விருதுகளையும் புலிட்சர் பரிசையும் வாங்கியது. டிக்கெட் விலை சாதாரண மனிதர் தொட முடியாத உயரத்துக்குப் போனது. ஹிப்-ஹாப்பை உருவாக்கிய பிராங்க்ஸின் தெருப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அரங்குக்குள் போயிருக்க முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 10 டாலர் குலுக்கல் டிக்கெட்டுகளும் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது, 2020 ஜூலை 3 அன்று டிஸ்னி பிளஸில் வெளியான அரங்கப் பதிவு. இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வசனம் வேகமாக ஓடும். ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டு பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இனி சிக்கலுக்கு வருவோம்.

1790இல் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கின்படி, அந்தப் புதிய நாட்டின் ஏறத்தாழ 39 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் அடிமைகள். வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர். ஜெஃபர்சன் வைத்திருந்தவர். மேடையில் நாம் காதலிக்கத் தொடங்கிவிடும் ஸ்கைலர் சகோதரிகளின் வீடும் அடிமைகளின் உழைப்பில் நின்ற வீடு. நாடகம் அடிமை முறையைக் குறிப்பிடாமல் இல்லை. ஜான் லாரன்ஸ் அதை எதிர்த்துப் பேசுகிறார்; ஹாமில்டன் ஜெஃபர்சனைக் குத்திக்காட்டுகிறார். ஆனால் அடிமைப்படுத்தப்பட்ட ஒரு மனிதர்கூடப் பெயரோடு வந்து ஒரு வரி பேசுவதில்லை. ஜெஃபர்சனின் பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸ், ஓர் ஏவலைக் கேட்டு ஆடிக் கடந்து போகிறார், அவ்வளவுதான். ஹெர்குலிஸ் மல்லிகன் என்ற உளவாளி நாடகத்தில் கைதட்டல் வாங்குகிறார். அவருடைய தகவல்களை உயிரைப் பணயம் வைத்துச் சுமந்து போன அடிமை கேட்டோ இல்லை. 1796இல் வாஷிங்டனின் வீட்டிலிருந்து தப்பி, அவர் ஆளனுப்பித் தேடியும் சாகும்வரை பிடிபடாத ஓனா ஜட்ஜ் இல்லை. அடிமை முறை பற்றி மிராண்டா எழுதிய அமைச்சரவை விவாதப் பாடல் ஒன்று நாடகத்திலிருந்து வெட்டப்பட்டது.

வரலாற்றாசிரியர் லைரா மொண்டெய்ரோ 2016லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: கறுப்பின உடல்கள் மேடையை நிறைப்பதாலேயே, கறுப்பின மக்களின் கடந்த காலம் காணாமல் போனது நம் கண்ணில் படுவதில்லை. கறுப்பின எழுத்தாளர் இஷ்மாயில் ரீட் ஒரு படி மேலே போனார். மிராண்டாவை அடிமைகளின், பூர்வகுடிகளின் ஆவிகள் வந்து கேள்வி கேட்பதாக 2019இல் ஒரு நாடகமே போட்டார். ஹாமில்டன் அடிமை ஒழிப்புச் சங்கத்தில் இருந்தது உண்மை. ஆனால் அவரது கணக்குப் புத்தகங்களைப் படித்த ஆய்வாளர் ஜெஸ்ஸி செர்ஃபிலிப்பி, தன் வீட்டுக்கே அவர் அடிமைகளை வாங்கினார் என்று 2020இல் எழுதினார். செர்னோ இதை முழுதாக ஏற்கவில்லை, விவாதம் தொடர்கிறது. விமர்சனங்கள் நியாயமானவை என்று மிராண்டா அந்த ஆண்டே ஒப்புக்கொண்டார்.

நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதோடு, அந்த நாற்காலி யார் முதுகின் மேல் போடப்பட்டது என்றும் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒடுக்கப்பட்டவர் அரசன் வேடம் கட்டினால் ஒடுக்கியவரின் கதை நம் கதை ஆகிவிடுமா? எங்கள் பார்வையில், ஆகாது. ஆனாலும் ‘அப்படியானால் அந்த நடிகர்களுக்கு அந்த மேடை வேண்டாமா’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. பிராட்வேயின் வெள்ளை மேடையில் அந்த வேலை, அந்தச் சம்பளம், அந்தக் கைதட்டல் சும்மா கிடைத்தவை அல்ல. நாடகம் லாபம் கொட்டியபோது முதல் நடிகர் குழு தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டுப் பெற்றது; விருதுச் செய்திகளைவிட நமக்கு முக்கியமான செய்தி அது. மேடை வேண்டும், கதையும் மாற வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை மறக்கச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது.

இந்தக் கதைக்கும் நமக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ஹாமில்டன் படித்த கிங்ஸ் கல்லூரிதான் பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகம். 1913இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே சேர்ந்தபோது ஹாமில்டன் பெயரில் ஒரு கட்டடமும் அதன் முன் அவர் சிலையும் இருந்தன. ஹார்லெம் பூங்கா நிலத்தில் உடற்பயிற்சிக்கூடம் கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தபோது, 1968 ஏப்ரலில் மாணவர்கள் அதே ஹாமில்டன் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். உடனிருந்த வெள்ளை மாணவர்களை வேறு கட்டடத்துக்குப் போகச் சொன்ன கறுப்பின மாணவர்கள், அந்த இடத்துக்கு மால்கம் எக்ஸின் பெயரைச் சூட்டினார்கள். உடற்பயிற்சிக்கூடம் கட்டப்படவில்லை. அதைப் பற்றிய இசை நாடகம் ஒன்றுக்காகவும் காத்திருக்கிறோம்.