வேலி மிரட்டினால் போதும், கொல்ல வேண்டாம்

போன கடலைப் பட்டத்தில் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் விடிஞ்சும் விடியாமலும் வந்து நின்றார். முந்தின ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து அரை ஏக்கர் கடலையைக் கிளறிப் போட்டிருந்தது. “அண்ணா, இனிப் பொறுக்க முடியாது. மோட்டார் ரூம்ல இருந்து ஒத்த வயரு இழுத்துக் கம்பியில விட்டுடலாம்னு இருக்கேன். கரண்டுதான் சும்மா வருதே” என்றார்.

அவர் கோபம் நியாயமானது. ரசாயனம் போடாத மண்ணில் மண்புழு பெருகும். புழுவையும் கிழங்கையும் மோப்பம் பிடித்துப் பன்றி வரும். ஆனால் அந்த ஒத்த வயரைப் பற்றி நாம் ஒளிவு மறைவு இல்லாமல் பேசியாக வேண்டும்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. யானை செத்தால் நாடே பேசுகிறது. ராத்திரி தண்ணி கட்டப் போன மனுசன் இப்படி வேலியில் செத்தால் ஊரோடு முடிந்துபோகிறது. அந்த வேலியைப் போட்டவரும் நம்மைப் போல ஓர் உழவர்தான். பன்றிக்குப் போட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பிடிக்கும்.

பேட்டரி வேலியும் ஷாக் அடிக்கிறதே, என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். லைன் கரண்ட் 230 வோல்ட், விடாமல் பாயும். தொட்ட கை இறுகிக்கொள்ளும், விடுவிக்க முடியாது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் எனர்ஜைசர் வேறு மாதிரி. சில ஆயிரம் வோல்ட்டைக் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு தட்டு தட்டிவிட்டு, சுமார் ஒரு விநாடி சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் கையோ மூக்கோ விலகிவிடும். பன்றி அலறிக்கொண்டு ஓடும், சாகாது. வலி நினைவிருக்கும், மறுபடி வர யோசிக்கும்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். “பேட்டரிதானே” என்று வீட்டு இன்வெர்ட்டரின் வயரைக் கம்பியில் கட்டுகிறவர்கள் உண்டு. இன்வெர்ட்டரில் இருந்து வருவதும் 230 வோல்ட்தான், அதுவும் கொல்லும். பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் இருந்தால்தான் அது வேலி.

கணக்கு பெரிய வித்தை இல்லை. சின்ன எனர்ஜைசர் 0.4 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ராத்திரி 12 மணி நேரத்துக்குச் சுமார் 5 ஆம்பியர்-அவர். மூன்று நாள் மழை மூட்டம் என்றால் 15. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும், ஆகவே 30 வேண்டும். 40 ஆம்பியர்-அவர் வாங்கினால் நிம்மதி. அதை நிரப்ப 40 வாட் சோலார் பலகையும் ஒரு சார்ஜ் கண்ட்ரோலரும் போதும். உங்கள் எனர்ஜைசர் எவ்வளவு இழுக்கும் என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். அதை வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கார் பேட்டரி வேண்டாம். அது வண்டியைக் கிளப்பச் செய்தது, ராத்திரி முழுக்க மெல்ல இறங்குவதற்கு ஆகாது.

வாங்கி வைத்துவிட்டு மறந்தால் ஒரே வருசத்தில் “பேட்டரி வேலி வேஸ்ட்டு” என்று நாமே சொல்வோம். பேட்டரியை நிழலில், காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மல்டிமீட்டரில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.1க்குக் கீழே போனால் பாதி தீர்ந்தது. எர்த் கம்பியை ஆழமாக அடியுங்கள், மோட்டார் எர்த்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளி. கோடையில் மண் காய்ந்தால் ஷாக் செத்துப்போகும், எர்த் கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பன்றிக்குக் கீழ்க்கம்பி முக்கியம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் மூக்கில் படும். அந்த உயரத்தில் புல்லும் தொடும், தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். களைக்கொல்லி அடிக்காத நமக்கு அருவாள்தான் வழி. வாரம் ஒருமுறை பகலில், எனர்ஜைசரை நிறுத்திவிட்டு, வேலியோரம் ஒரு சுற்றுப் போய் வாருங்கள்.

செலவுதான் பலரையும் அந்த ஒத்த வயர் பக்கம் தள்ளுகிறது. இதில் நான் ஒன்றை வலியுறுத்துகிறேன். வேலியைத் தனியாகப் போடாதீர்கள். ஒரு ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 255 மீட்டர். நாலு பேர் தனித்தனியே போட்டால் 1,020 மீட்டர். ஒட்டியிருக்கும் நாலு ஏக்கரைச் சதுரமாகச் சேர்த்து வளைத்தால் 510 மீட்டர்தான். கம்பியும் கல்லும் பாதி, எனர்ஜைசர் ஒன்று, பேட்டரி ஒன்று. புல் அறுக்கும் முறையும் பங்கு போட்டுக்கொள்ளலாம். மின்வேலிக்கென்று தமிழக அரசு 2023இல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காட்டோரத்தில் இருப்பவர்கள் வேலி போடும் முன் வனத்துறையில் கேட்டு, அனுமதியும் பதிவும் செய்துகொள்ளுங்கள். அரசிடமும் நாம் கேட்க வேண்டும்: சோலார் வேலி மானியம் பெரிய நிலத்தோடு நிற்காமல், இப்படிச் சேர்ந்து போடும் சிறு உழவர் குழுக்களுக்கு முதலில் வரட்டும்.

அன்றைக்குத் தம்பியிடம் இவ்வளவும் பேசவில்லை. “ராத்திரி உன் வரப்புல நானும்தான்பா நடக்கிறேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரிண்ணா, மூணாவது தோட்டத்துக்காரரையும் கேட்டுப் பார்க்கலாம்” என்றார். இப்போது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே வேலி. இந்த வாரம் புல் அறுக்கும் முறை என்னுடையது.