தாது வருஷத்தை எத்தனை வகையாகப் படிப்பது?

ஆண்டு முடிந்து சென்னைப் புத்தகக் காட்சி நெருங்கும்போது, வாசகர்கள் பலர் தாங்கள் படித்து முடித்த நூல்களின் கணக்கை வெளியிடுகிறார்கள். ஐம்பது, நூறு என்று அது ஏறுகிறது. படிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சமூகம் நல்ல சமூகம்தான். ஆனால் அந்தப் பட்டியல்களில் பல ஒரே பாதையில் ஓடுகின்றன. நாவல் படிப்பவர் நாவலையே படிக்கிறார். வரலாறு படிப்பவர் கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை. ஓர் ஆண்டின் வாசிப்பை எடைபோட நூல்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகைகளையும், அந்த வகைகள் ஒன்றையொன்று எப்படிச் சோதித்தன என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, 1878இல் இரண்டு தொகுதிகளாக அந்தப் பஞ்சத்தைப் பற்றி எழுதினார். நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும் என்று வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வகுத்ததும், உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடியதும் இன்று நமக்குத் தெரிவது இத்தகைய ஆவணங்களால்தான். 1877 மார்ச்சில் அரசு இறங்கிவந்து தானியத்தைச் சற்றுக் கூட்டிப் பருப்பையும் சேர்த்தது. மனித உயிர் கிராம் கணக்கில் பேரம் பேசப்பட்டதை இவ்வளவு துல்லியமாக எந்தப் புனைவும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆவணங்களில் பட்டினி கிடந்தவர் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நிற்கிறார், அவர் பேசுவதில்லை.

அந்தப் பேச்சைக் கேட்க, சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ வேண்டும். பஞ்சம் தாளாத மக்களுக்காக மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த அங்கத நூல் அது. கடவுளே கைவிரித்து ஒரு ஜமீன்தாரிடம் உதவி கேட்க நேர்கிறது என்ற அந்தக் கற்பனையில் உள்ள கசப்பு, எந்த ஆணையர் அறிக்கைக்கும் எட்டாதது. ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ (2013), அதே காலச் சென்னையின் ஐஸ் ஹவுஸில் உழைத்த தலித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை நடுவில் வைத்து, பஞ்சத்தின் சுமை சாதி வழியாக யார் தலையில் இறங்கியது என்று கேட்கிறது. மைக் டேவிஸ் 2001இல் எழுதிய ஆங்கில நூலோ, வானிலை ஆய்வையும் பேரரசின் பொருளாதாரத்தையும் ஒன்றாக இணைக்கிறது. இங்கே மழையைப் பொய்க்கச் செய்த அதே எல் நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வட சீனாவையும் பிரேசிலின் வடகிழக்கையும் வறட்சியில் தள்ளியது என்று அறியும்போது, உள்ளூர்த் துயரம் என்று நாம் நினைத்தது உலகளவு விரிகிறது. மழை பொய்த்தது இயற்கை. ஊரில் பட்டினி இருக்கையில் தானியம் கப்பலேறியது அரசின் முடிவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வகை நூல் போதவில்லை.

இப்படி எல்லாவற்றையும் தொட்டால் எதிலும் ஆழம் வராது என்பது வலுவான மறுப்பு. நோக்கமில்லாமல் மேய்ந்தால் அது உண்மைதான். ஆனால் ஒரே கேள்வியைச் சுற்றிப் பல வகை நூல்களைப் படிப்பது ஆழத்துக்கான வழி. துறை அறிஞர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நாவலில் கற்பனை கலந்திருக்கிறது, அதை வரலாற்றோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்று இன்னொரு கேள்வி எழும். வைக்கக் கூடாது. நாவலாசிரியர் எங்கே இட்டுக்கட்டினார் என்று ஆவணத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆவணம் யாரை விட்டுவிட்டது என்று நாவலை வைத்துக் கேட்கவும் வேண்டும். அரசு அறிக்கையும் ஒருவர் ஒரு நோக்கத்தோடு எழுதியதுதான்.

நேரமும் பணமும் உள்ளவர்களுக்கே இது முடியும் என்ற குறையை மட்டும் என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் அரை மணி நேரம் படிப்பவரிடம் இரண்டு தொகுதி ஆங்கில நூலைத் தேடச் சொல்வது நியாயமில்லை. இங்கேதான் பொது நூலகங்களின் கடமை வருகிறது. நூல் பகுப்பு முறை நாவலை ஓர் அலமாரியிலும் வரலாற்றை வேறோர் அலமாரியிலும் வைக்கிறது. இரண்டும் ஒரே பஞ்சத்தைப் பற்றியவை என்று வாசகருக்குச் சொல்ல ஆள் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாதம் ஒரு பொருளை எடுத்து, அது குறித்த நாவல், அறிக்கை, பாடல் தொகுப்பு, அறிவியல் நூல் ஆகியவற்றை ஒரே மேசையில் வைக்கலாம். கிளை நூலகங்களுக்கு அந்தப் பட்டியலையும், ஆங்கில நூல்களின் சாரத்தைத் தமிழில் பத்துப் பக்கச் சிறு வெளியீடாகவும் அனுப்பலாம். முதல் மாதத்துக்குத் தாது வருஷப் பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு வேண்டிய நூல்களில் பாதிக்கு மேல் தமிழிலேயே கிடைக்கும்படி செய்வது பெரிய செலவல்ல.