பழி சுமத்துவதால் பாதுகாப்பு வருமா?

2025-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்து, விமானத்திலும் தரையிலுமாக 260 பேர் மாண்டனர். மறுமாதம் முதற்கட்ட அறிக்கை வெளிவந்ததும், எரிபொருள் விசைகளைப் பற்றிய செய்தியொன்றைப் பிடித்துக்கொண்டு, விமானிகள்மீது பழி சுமத்தும் ஆரவாரம் எழுந்தது. விசாரணை முடியுமுன் இறந்தோரைக் கூண்டிலேற்றுவது நியாயமன்று. அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. குற்றவாளி அகப்பட்டான் என்று நினைத்த கணமே ஜனங்கள் மேற்கொண்டு கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நமது செஞ்சிக் கோட்டையைக் கண்டவர்களுக்கு இவ்விஷயம் எளிதில் விளங்கும். மூன்று குன்றுகளை மதில்களாற் பிணைத்து, வாயிலுக்குப்பின் வாயில் அமைத்தவர்கள் எந்த ஒரு மதிலையும் தனியே நம்பவில்லை. மொகலாயர் முற்றுகையை ஏறக்குறைய எட்டாண்டு தாங்கிய அக்கோட்டை, 1750-இல் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையிடம் ஓரிரவில் வீழ்ந்தது. கடைசி வாயிற் காவலனைத் தண்டித்துவிட்டால் அவ்வீழ்ச்சியின் காரணம் விளங்கிவிடுமா?

ஆகாய மார்க்கத்திற்கும் இதுவே நியாயம். 1996 நவம்பர் 12-ஆம் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி, 349 பேரும் மாண்டனர். 15,000 அடி உயரத்தில் நிற்கவேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியதே காரணமென்று நீதிபதி லகோதி விசாரணையில் தெரிந்தது. கோர்ட்டு வழக்காயின் தீர்ப்பு அத்துடன் முடிந்திருக்கும். ஆனால், டில்லிக்கு வரும் விமானமும் அங்கிருந்து போகும் விமானமும் ஒரே பாதையில் எதிரெதிரே செல்ல விட்டது யார்? உயரத்தைக் காட்டும் ராடார் தரையிலிருந்த அதிகாரிக்கு ஏன் இல்லை? மோதலை முன்னறிவிக்கும் கருவி இரு விமானங்களிலும் ஏன் இல்லை? இக்கேள்விகள் எழுந்தமையாலன்றோ பின்னர்ப் பாதைகள் பிரிக்கப்பட்டன, கருவியும் கட்டாயமாயிற்று! மாண்ட விமானியை ஆயிரம் முறை நிந்தித்தாலும் இப்பயன் கிட்டியிராது.

விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் மறுபடி விபத்து நேராமற் காப்பதே, பழி பங்கிடுவதன்று என்பது இந்தியாவும் அங்கம் வகிக்கும் சர்வதேச சிவில் விமான ஸ்தாபனத்தின் விதி. இதனால் எவரும் பொறுப்பினின்று தப்பிவிடுவதாக எண்ணலாகாது. விமானியோடு நின்றுவிடும் பொறுப்பை, விமானம் செய்தவர், நடத்தும் கம்பெனி, மேற்பார்க்கும் அதிகாரிகள், சர்க்கார் ஆகிய அனைவரிடமும் கொண்டு செல்வதே அதன் பலன்.

இங்கேதான் நமது தேசத்தின் குறை இருக்கிறது. விமானப் போக்குவரத்தை மேற்பார்க்கும் இலாகாவும், விபத்தை விசாரிக்கும் இலாகாவும் ஒரே மந்திரியின் கீழ் இருக்கின்றன. மேற்பார்வையிலேயே குற்றமிருந்தால் அதை அச்சமின்றி எடுத்துரைப்பவர் யார்? விசாரணை இலாகாவை மந்திரியின் பிடியினின்று விடுவித்துப் பார்லிமெண்டுக்கே பொறுப்பாக்க வேண்டும். தம் தவறைத் தாமே அறிவிக்கும் தொழிலாளிக்கு அபயமளிக்க வேண்டும். இவ்விரண்டையும் செய்யாமல் சர்க்கார் சொரியும் அனுதாப வார்த்தைகளால், திறந்து கிடக்கும் வாயில்களில் ஒன்றேனும் மூடப்படப்போவதில்லை.