இலை உதிர்ந்தால் பட்டதாகுமா?

சென்ற தை மாதத்திலே நம் மாணவர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் நம்மிடம் வந்து ஒரு செய்தி சொன்னார். கனடாவில் தொறன்றோ நகரில் வாழும் அவருடைய தமக்கையார் சட்டியில் வைத்து மூன்றாண்டாகப் பேணிய கறிவேப்பிலைக் கன்று, இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாய் நின்றதாம். பட்டுவிட்டதென்றே எண்ணி அதனைக் குப்பையிலிட முனைந்த அப்பெண், கேகாலைத் தோட்டமொன்றில் வாழும் பாட்டியாரிடம் தொலைபேசியில் சொல்லி அழுதாராம்.

பாட்டியார் பல்லாண்டு இறப்பர் மரத்திற் பால் வெட்டியவர். "தூக்கிப் போட்டுடாத தாயி. இங்க றப்பர் மரமும் இப்ப மொட்டையாத்தான் நிக்குது. பட்டையை நகத்தால கீறிப் பாரு. பச்சை தெரிஞ்சா உசிரு இருக்கு" என்றாராம்.

இது நல்ல தாவரவியல். நம் நாட்டில் சனவரி, பெப்ரவரி மாதங்களில் மழை குறையும்போது இறப்பர் மரம் இலை உதிர்த்து, பின்னர் துளிர்க்கின்றது. இலை உதிர்த்தல் சாவன்று. இடர்க்காலத்தைக் கடக்கும் வழி.

அவ்விடர் நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையில் வலயங்களை மழையைக்கொண்டு பிரிக்கின்றோம். ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்கு மேற் பெய்வது ஈரவலயம், 1750க்குக் குறைந்தது உலர்வலயம், இடைப்பட்டது இடைவலயம். நம் சப்பிரகமுவவின் பெரும்பகுதி ஈரவலயமே. கனடாவிலோ, பனிக்காலக் குளிர் எவ்வளவு தாழ்கின்றது என்பதே முதன்மையாக நோக்கப்படும்.

இறப்பரும் ஒருகாலத்திற் குளிர்நாட்டின் விருந்தாளியாய் இருந்ததே. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தின் வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகளில் முளைத்தன. அவ்வாண்டிலேயே 1919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் அவை வளர்க்கப்பட்டன. நம் தோட்டங்களின் இறப்பருக்கு அதுவே தொடக்கம்.

ஆகவே, குளிர்நாட்டில் உறவினர் உள்ளோர் இதனை அவர்களுக்கு எழுதலாம். இரவு வெப்பம் 10 பாகை செல்சியசுக்குத் தாழுமுன் கறிவேப்பிலைச் சட்டியை வீட்டினுள்ளே எடுத்து, தெற்குச் சன்னலருகே வெயில் படும்படி வைத்தல் வேண்டும். மேல்மண் காய்ந்தபின்பே நீர் ஊற்றுக. கன்று உறங்குங்காலத்தில் அன்பு மிகுதியால் ஊற்றும் நீர் வேரை அழுகச் செய்யும். உரமும் அப்போது வேண்டா. உறைபனி நீங்கியபின், நாளும் சிறிது நேரமாக வெளியே வைத்துப் பழக்குக.

தமக்கையார் கீறிப் பார்த்தார்; பச்சை தெரிந்தது. பங்குனி முடிவிலே இரண்டு தளிர் விட்டதாகப் படம் அனுப்பினார். பேரன் காட்டிய படத்தைப் பார்த்த பாட்டியார் சொன்னது இவ்வளவே:

"அவசரப்பட்டுக் குழம்புக்குப் பறிச்சிடாதன்னு சொல்லு. முதல்ல முத்தட்டும்."