மாந்தைச் சந்தியில் விழுந்த வளைவு

2019ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் நாள், மகா சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சர ஆலயத்துக்குத் திரும்பும் மாந்தைச் சந்தியிலே நின்ற அலங்கார வளைவு கத்தோலிக்கர் சிலரால் பிடுங்கி வீழ்த்தப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்தும் அன்று நேர்ந்ததை நாம் மறந்தோமல்லோம். மறந்துவிடுவது நன்மையென்றும் கருதுகின்றோமல்லோம். எவரும் பேசாது விட்ட புண் ஆறிய புண் ஆகாது.

கோயிலுக்குச் செல்லும் வழிக்கு வளைவு வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். அருகிலே மாதா கோயில் இருக்க, அங்கே வளைவு எதற்கு என்பது மற்றச் சாராரின் வாதம். ஊர்ப் பெரியவர் நால்வர் ஒரு பிற்பகல் அமர்ந்து பேசினால் தீரக்கூடிய இந்த வழக்கு ஏன் தீரவில்லை? வாதம் தொடங்கிய சிறிது நேரத்தில் வளைவு மறைந்துவிடுகின்றது; நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முந்திய கணக்குகள் வெளியே எடுக்கப்படுகின்றன. அதுதான் காரணம்.

அக்கணக்குகளைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. 1544ஆம் ஆண்டிலே, புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த மன்னார் மக்களுள் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி வாளுக்கு இரையாக்கினான். தோட்டவெளியிலே கத்தோலிக்க மக்கள் இன்றும் அவர்களை வேதசாட்சிகளாக வணங்குகின்றனர். 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அவர்களாலே தரைமட்டமாக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைச் சுவரிலே ஏறின என்பது வழிவழி வந்த செய்தி. ஆறுமுக நாவலர் 1872இல் அத்தலத்தை மீட்குமாறு சைவ மக்களை அழைக்கும்வரை அது காடு மண்டிக் கிடந்தது. கத்தோலிக்கரின் துன்பமும் 1544உடன் ஓய்ந்ததன்று. 1658இல் தீவைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வேட்டையாடத் தொடங்கவே, 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடின. அந்தச் சொரூபமே இன்று மருதமடுவிலே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வணங்கும் மடு மாதா. கிறிஸ்தவர் கிறிஸ்தவரைத் துரத்த, புகலிடம் தந்தது பௌத்த மன்னனின் கண்டி இராச்சியம். கோவையிலிருந்தல்ல, கோவாவிலிருந்து வந்த கொங்கணிக் குரு யோசேவ் வாஸ் அம்மன்னனின் ஆதரவிலேயே இந்நாட்டுத் திருச்சபையை மீட்டெடுத்தார். எதிரி எப்போதும் மற்றச் சமயத்தானே என்று பேசுவோர் இந்த ஓர் அத்தியாயத்தையேனும் ஊன்றிப் படிக்கட்டும்.

மூன்றாவது காயம் மிக அண்மையது. அதைப் பற்றி எழுதத் தமிழ்ப் பத்திரிகைகளின் பேனா இன்றும் தயங்குகின்றது. 1990 ஒக்ரோபர் இறுதியிலே, வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் 70,000 பேருக்கு மேல் விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், வீட்டையும் வயலையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தினர். தீவிலிருந்தவர்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர்; புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. செல்வநாயகம் அவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடக்கியபோது ‘தமிழ் பேசும் மக்கள்’ என்னும் சொல்லை எத்துணைக் கருத்தோடு கையாண்டார்! தாம் கிறிஸ்தவராயிருந்தும் சைவப் பெரும்பான்மையோரின் தலைவராக விளங்கிய அவருக்கு அச்சொல் வெறும் மேடைச் சொல்லன்று. அதனை 1990இல் மண்ணிலே போட்டு மிதித்தது அந்நியன் அல்லன். தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்திய கையே அதைச் செய்தது. இதனைச் சொல்ல எமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. சொல்லாதிருப்பது அதனினும் வெட்கம்.

மூன்று சமூகங்கள், மூன்று காயங்கள், மூன்றும் உண்மை. ஆனால் மன்னாரிலே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைக்குச் சொல்லப்படுவது ஒரு காயத்தின் கதை மட்டுமே. சைவப் பிள்ளை 600 வேதசாட்சிகளைப் பற்றிக் கேள்விப்படுவதில்லை. கத்தோலிக்கப் பிள்ளைக்கு இடிந்த கோயிலின் கதை தெரியாது. எருக்கலம்பிட்டி வெறிச்சோடிக் கிடந்த ஆண்டுகளைப் பற்றி இருவருக்குமே எவரும் சொல்வதில்லை. தன் காயத்தை மாத்திரம் அறிந்து வளர்ந்தவனுக்குச் சந்தியிலே நிற்கும் ஒரு வளைவு படையெடுப்பாகத் தோன்றினால் அதில் வியப்பென்ன?

இந்த மண்ணின் இயல்பு இதுவன்று. 1980களில் மாந்தையை அகழ்ந்தவர்கள் சீனத்துக் கலங்களையும் மேற்காசிய நாடுகளின் மெருகிட்ட கலங்களையும் ஒரே மேட்டிலிருந்து எடுத்தனர். பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரம் ஆபிரிக்க மண்ணுக்குரியது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். நகரத் தெருக்களில் போக்குவரத்தை மறித்துக்கொண்டு நிற்கும் கழுதைகளும் அவர்கள் கொண்டுவந்தவையாம். (அவற்றை அப்புறப்படுத்த வேண்டுமென்று இதுவரை எவரும் சமயப் போர் தொடுக்கவில்லை.) நாம் கதிரையில் இருப்பதும் அலுமாரியைப் பூட்டுவதும் போர்த்துக்கேயன் தந்த சொற்களால், கந்தோருக்குப் போவது ஒல்லாந்தன் சொல்லால். முத்துக்குளிப்புக் காலத்தில் அரிப்புக் கரையிலும் மறிச்சுக்கட்டியிலும் தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அராபியரும் அடுத்தடுத்த தோணிகளிலிருந்து கடலுக்குள் இறங்கினர். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ கரையிலே இல்லையென்றால் ஒருவரும் இறங்கார். ஆகவே ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் இத்தீவைப் பற்றிப் பெருநூல் எழுதிய எமர்சன் டெனன்ட் துரை, தாம் அறிந்த கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் வலிமை குறைந்ததாக எவரும் எண்ணவில்லை என்றும் எழுதிவைத்துள்ளார். பரதவரும் முஸ்லிமும் அந்த மந்திரத்தை நம்பிக் கடலில் இறங்கினர். சம்பளம் எழுதியவர் ஆங்கிலேயர்!

கடலை விடுவோம். எம் வாசகர்களுள் கட்டுக்கரைக் குளத்து நீரால் நெல் விளைவிப்போர் பலர் உளர். தேக்கத்திலே அருவியாற்றை மறித்துக் குளத்துக்குள் திருப்பிய நீர், ஒரு வாய்க்காலிலிருந்து சைவனின் வரம்புக்கும் கத்தோலிக்கனின் வரம்புக்கும் முஸ்லிமின் வரம்புக்கும் பாய்கின்றது. காலபோகத்துக்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே துருசு திறக்கும் நாளைப் பற்றிச் சண்டை நடவாமல் இல்லை, நன்றாகவே நடக்கின்றது. ஆயினும் மேல்வாய்க்காலான் கீழ்வாய்க்காலானோடு போடும் அச்சண்டை அன்று மாலையே ஒரு முடிவுக்கு வருகின்றது. ஏனெனில் விதைப்பு காத்திராது. மாந்தை வளைவின் வழக்கையும் இந்த விவசாயிகளிடம் ஒப்படைத்திருந்தால் அது நீதிமன்ற வாசலை மிதித்திராது என்பது எமது துணிபு.

நாம் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கையில் நிலம் யார் கைக்குப் போகின்றது? முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கர் 2007இல் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படைத் தளமாயிற்று. நெடிய போராட்டத்தின் பின் 2017இல் ஒரு பகுதியே திறந்துவிடப்பட்டது. போர் முடிந்து முசலிக்குத் திரும்பிய முஸ்லிம்கள், காடு மூடிய தம் காணிகளை வெட்டித் திருத்தியபோது, அவை 2012ஆம் ஆண்டு வர்த்தமானியால் வன ஒதுக்கமாகிவிட்டதைக் கண்டனர். வில்பத்துவை அழிக்கும் ஆக்கிரமிப்பாளர் என்று தென்னிலங்கை அவர்களைத் தூற்றியபோது, எத்தனை தமிழ்க் குரல்கள் எதிர்த்து எழுந்தன? விரல்விட்டு எண்ணலாம். மாறாக, 2025 ஓகஸ்டிலே புதிய காற்றாலைகளையும் கனியமண் அகழ்வையும் எதிர்த்து மன்னார் நகரில் மக்கள் திரண்டபோது, மூன்று சமயத்தவரும் ஒரே பந்தலின் கீழ் இருந்தனர். கொழும்பு செவிசாய்த்துத் திட்டத்தைச் சிறிது காலத்துக்கேனும் நிறுத்திவைத்தது அதன் பின்னரே.

ஆகவே நாம் கேட்பவை சில. மாந்தைச் சந்தியிலே வளைவு எங்கே, எவ்வளவு உயரத்தில் அமைவது என்பதை ஆயர் இல்லமும் ஆலயத் திருப்பணிச் சபையும் நேரில் இருந்து பேசி, கையொப்பமிட்ட உடன்படிக்கையாக மக்கள் முன் வைத்தல் வேண்டும். முசலிக் காணிகளுக்காக நாடாளுமன்றத்தில் பேசும் பொறுப்பை முஸ்லிம் உறுப்பினர் தலையில் மட்டும் சுமத்தாது, வன்னித் தமிழ்ப் பிரதிநிதிகள் தம் கடமையாக ஏற்றல் வேண்டும். மாவட்டத்து ஆசிரியர்கள் மூன்று சமயப் பிள்ளைகளையும் ஒரே பேருந்திலே ஏற்றி, ஒரே நாளிலே தோட்டவெளிக்கும் திருக்கேதீச்சரத்துக்கும் எருக்கலம்பிட்டிக்கும் அழைத்துச் செல்லட்டும். தோட்டவெளியில் நடந்ததைச் சைவ ஆசிரியர் சொல்லட்டும். கேதீச்சரத்தில் நடந்ததைக் கத்தோலிக்க ஆசிரியர் சொல்லட்டும். எருக்கலம்பிட்டியிலே இருவரும் சேர்ந்து சொல்லட்டும். அடுத்த சிவராத்திரிக்கு முன் இது நடைபெறுமாயின் அச்செய்தியை முதற் பக்கத்தில் வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.