இயற்கையின் மேல் பழி போடாதீர்!

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் மணலுக்கடியில் மழைநீர் மெல்லிய படலமாக நிற்கிறது. அதன் கீழே உப்புநீர். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறி விடும். "இது இயற்கை, யார் என்ன செய்ய முடியும்?" என்று கைவிரிப்பவர்கள் உண்டு. இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும்?

உப்பையாவது நாக்கு காட்டிக் கொடுக்கும். புளோரைடு அப்படியல்ல. அதற்கு ருசியில்லை, நிறமில்லை, காய்ச்சினாலும் போகாது. கருங்கல் பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து அது நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். அளவு மிகுந்த நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு இறுகும், முதுகு வளையும்.

இந்தியாவில் இந்நோயை மருத்துவர்கள் 1937இல் முதன்முதலாக எழுதி வைத்தது அன்றைய நெல்லூர் ஜில்லாவில்தான். ஏரியின் வடபகுதி அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. நோய் கண்டது ஏரிக்கரையில் அல்ல, உள்நாட்டுப் பாறை நிலத்துக் கிராமங்களில்.

காரணம் தெரிந்துவிட்டது. பரிகாரம் வந்ததா? 1996இல் நல்கொண்டா பாராளுமன்றத் தொகுதியில் 480 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். புளோரைடு நீர் குடித்துச் சலித்த மக்களின் ஆத்திரம் அது! தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல். பாறையில் புளோரைடை வைத்தது இயற்கை. பக்கத்திலேயே காவிரி ஓடியும் இத்தனை காலம் அந்நீரைக் குடிக்க விட்டதும் இயற்கையா?

பழவேற்காட்டுக்குத் தெற்கே மீஞ்சூர்ப் பகுதியைப் பாருங்கள். மாநகருக்கும் பாசனத்துக்கும் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இதுவும் இயற்கையா? அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்குக் கொடுக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மாநகர மக்கள் குடிக்கட்டும். அதில் நமக்கு வழக்கில்லை. கடலையே குடிநீராக்கத் தெரிந்தவர்கள் கடலோரத்து மீனவனிடம் மட்டும் இயற்கையைக் காட்டித் தப்பிக்கக் கூடாது என்பதே நம் வழக்கு.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: குப்பந்தோறும் கிணறுகளிலும் குழாய்களிலும் உப்பையும் புளோரைடையும் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். நீர் கெட்டிருக்கும் இடத்துக்கெல்லாம் நல்ல நீரைக் குழாயில், காசின்றித் தர வேண்டும். வலை இழுக்கும் கைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் சலுகையல்ல, உரிமை!